வயிற்றுக் கொழுப்பும் வலது கண்ணும்

ஜனவரி 9

வாலுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் உன் அண்ணியும்தான். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆராய்ச்சிக்கூடத்து எலிகளுக்கு வைத்துவிட்டு நீ பட்டினி கிடக்கிறாயா?

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைத்தோம் என்று நினைக்கிறேன். உன் அண்ணி சொல்லிவிட்டாள்: "இனிமே கண்ணு விஷயத்த ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. எழுத்துல கத்த முடியாது." அதனால் எழுதுகிறேன். வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அடியில் ஸ்கேல் வைத்துத்தான் எழுதுகிறேன். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் வட்டம். ஓரக்கண்ணால் பார்த்தால் எழுத்து வருகிறது. அப்பாவுக்கு இருந்த அதே வட்டம். உனக்கு வராமல் எனக்கு வந்ததே, அந்த மட்டில் நல்லது.

டிப்போவில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எதிரே வருகிற லாரியின் ஓரம் மட்டும் தெரிகிறவனிடம் யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கிற அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். குடை, பை, டிபன் பாத்திரம். நேற்று ஓர் ஒற்றைச் செருப்பு வந்தது. ஒற்றைச் செருப்போடு ஒருவன் எப்படி இறங்கி நடந்து போனான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே புதிதாக ஒரு கண் மருத்துவமனை. ஸ்டெம் செல் வைத்தியமாம். வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து, அதில் ஏதோ பிரித்து, அன்றைக்கே கண்ணில் ஊசியாகப் போட்டுவிடுகிறார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீடு. எங்கள் டைம்கீப்பருடைய மச்சான் போட்டுக்கொண்டு பளிச்சென்று தெரிகிறது என்கிறானாம். நீ இந்தத் துறைதானே, அதனால் உன் கருத்தைக் கேட்கிறேன். கேட்கிறேன் என்றால், நான் முடிவு எடுத்தாகிவிட்டது. நீ சரி என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜனவரி 24

அண்ணா,

உன் கடிதம் வரும்வரை சுகமாகத்தான் இருந்தேன்.

வேண்டாம். இதுதான் என் கருத்து. இதற்குக் கீழே நான் எழுதுவது எல்லாம் இந்த ஒரு சொல்லுக்கு உரைதான்.

உன்னிடம் கொழுப்பு இருக்கிறது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதைக் கண்ணுக்குள் போட ஒரு கூட்டம் கிளம்பும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. வயிற்றுக் கொழுப்பில் இருக்கிற செல்லுக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. உள்ளே போய் நின்று தழும்பு மாதிரி இழை போடும். அந்த இழை சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். நான் பயமுறுத்தவில்லை. அப்படிக் கிழிந்து வந்தவர்களை எங்கள் கண் டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். டைம்கீப்பருடைய மச்சானிடம் போய் அடுத்த மாதம் கேள்.

நாங்கள் செய்வது வேறு. ஸ்டெம் செல் என்கிற குருத்தணுவை மாதக்கணக்கில் வளர்த்து, விழித்திரைக்கு அடியில் இருக்க வேண்டிய செல்லாகவே மாற்றி, அது வேறு எதுவாகவும் ஆகிவிடாது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் வைக்கிறோம். எலிகளில் வேலை செய்கிறது. மனிதர்களுக்கு வைத்துப் பார்க்கத்தான் பணம் இல்லை. அரசாங்கம் எலி வரைக்கும் கொடுத்தது. மனிதர்களுக்கு என்று போய் நின்றால், "மனுஷங்ககிட்ட வேலை செய்யுதுன்னு காட்டுங்க, தர்றோம்" என்கிறார்கள். கொடுத்தால்தானே ஐயா காட்ட முடியும் என்றேன். குறித்துக்கொண்டார்கள். எத்தனையோ வருடமாகக் குறித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

எங்கும் கையெழுத்துப் போடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். திட்டியும் கேட்கிறேன். எங்களுடையது வரும்வரை காத்திரு. அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

வாலு


பிப்ரவரி 6

வாலுக்கு,

சுகம். உன் அண்ணியின் முதுகு பரவாயில்லை. உன் கடிதத்தைப் படித்ததில் எனக்குத்தான் தலை வலிக்கிறது.

உன் எலிகளுக்கெல்லாம் கண் தெரிகிறது. கூடப் பிறந்தவனுக்குத் தெரியவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? டிப்போவில் "உன் தங்கச்சி கண்ணு ஆராய்ச்சியாமே" என்று கேட்கிறார்கள். ஆமாம், எலிக் கண் என்கிறேன்.

காத்திரு என்கிறாய். அப்பாவிடமும் அதையேதான் சொன்னார்கள். "இன்னும் அஞ்சு வருஷத்துல வந்துடும்." அந்த ஐந்து வருடம் நகரவே இல்லை, அப்பாதான் போய்விட்டார். அந்த மருத்துவமனையில் என்னை "வாங்க சார், உக்காருங்க சார்" என்கிறார்கள். நீ "வேண்டாம்" என்கிறாய். எது கேட்க நன்றாக இருக்கிறது, நீயே சொல்.

இன்னொன்று. உன் செல் எங்கிருந்து வருகிறது என்று நீ எழுதவில்லை. பேப்பரில் வந்திருந்தது, உன் அண்ணி படித்துக் காட்டினாள். பிள்ளை வேண்டும் என்று வைத்தியத்துக்குப் போகிறவர்களிடம் மிச்சமாகிற கருவிலிருந்து எடுக்கிறீர்கள். இவர்கள் என் கொழுப்பை எடுத்து எனக்கே போடுகிறார்கள். யார் பிள்ளையும் இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

அண்ணன்

(அவர் ஒட்டுவதற்குள் நான் எழுதுகிறேன். பதில் சீக்கிரம் போடு. கேட்க மாட்டார், ஆனால் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார். - அண்ணி)


மார்ச் 2

அண்ணா,

நலம்தானே? நான் இருக்கிறேன். கூட்டங்களுக்கு நடுவில் மூச்சு விடுகிறேன்.

கருவைப் பற்றிக் கேட்காதே என்றாய். கேட்கவில்லை, சொல்கிறேன். பிறந்துவிட்ட பிள்ளை இல்லை அது. கண்ணுக்குத் தெரியாத அளவு, சில நாள் வயது. பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் தொடுவோம், இல்லையென்றால் அழித்துவிடுவார்கள். ஆனாலும் இது சின்ன விஷயம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்காகத்தான் அறநெறிக் குழு என்று ஒன்றை வைத்து எங்கள் உயிரை வாங்குகிறார்கள்.

போன வாரம் அவர்கள் முன்னால் நின்றேன். குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். எல்லாரும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது அவர் மட்டும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைசியில் கேட்டார்: "கொடுத்தவங்களுக்கு, எதுக்குக் கொடுக்கறோம்னு புரிஞ்சுதா?"

"எல்லாருடைய கையெழுத்தும் இருக்குங்க" என்றேன்.

"கையெழுத்து இருக்கறத நானும் பாத்தேன். புரிஞ்சுதான்னு கேட்டேன்."

அவ்வளவுதான். எல்லாரையும் மறுபடி தேடிப்பிடித்து, எளிய மொழியில் விளக்கி, மறுபடி சம்மதம் வாங்கி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனுஷனைக் கடித்துக் குதறலாம் போல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் கேட்டது சரிதான் என்று பட்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பணத்துக்கு வழி பிறந்திருக்கிறது. ஒரு பெரிய மனிதர் தருகிறார். எங்கள் புதுக் கட்டிடமே அவர் கட்டிக் கொடுத்ததுதான், போன வருடக் கடைசியில் திறந்தோம். அவரைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஊசிப் பேச்சை விட்டுவிட்டாய் அல்லவா? ஆம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது.

வாலு


ஏப்ரல் 11

அன்புள்ள வாலுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். கட்டைவிரலில் கதவு இடித்துவிட்டது, அதனால் உன் அண்ணி எழுதுகிறாள். பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே சரியான மழை. தவறவிட்ட குடைகள் மலை போலக் குவிந்துவிட்டன. மழை பெய்கிறபோது குடையை எப்படி மறக்கிறார்கள் என்று கேட்டால், மழை விட்டதும் இறங்குகிறார்களாம். சமையலறைக் குழாய் ஒழுகியது, சரி செய்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்கிறார், ஒரே சத்தம்.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். கண் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

நீ வெளியே சொல்ல முடியாத சில விஷயங்கள் உன் வேலையில் இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. நீயும் வருத்தப்படாதே. உன் வேலை நல்லபடியாக நடக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்


மே 20

அண்ணா, அண்ணி,

இரண்டு பேரும் சுகமா? இவ்வளவு நல்ல பிள்ளையாக அண்ணன் ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. "அன்புள்ள" என்று ஆரம்பித்திருந்ததைப் பார்த்துப் பயந்தே போனேன். விரல் ஆறிவிட்டதா?

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அனுமதி கிடைத்துவிட்டது! மறுபடி சம்மதம் கேட்டதில் சில பேர் மாட்டோம் என்றார்கள், அவர்களுடையதை எடுத்துவிட்டோம். மிச்சப் பேர் கொடுத்தார்கள். ஒரு அம்மா போனில் அழுதுகொண்டே சரி என்றார்கள். அந்த நீதிபதி எழுந்து வந்து கைகொடுத்தார். பணமும் வந்துவிட்டது.

நோயாளிகளை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வேறொரு மருத்துவமனை எடுக்கிறது. நான் மூக்கை நுழைக்கவே கூடாது. அதனால் நீ எல்லாரையும் போல வரிசையில் வா. உன் வயதும், கண் இருக்கிற நிலையும் அவர்கள் கேட்கிறபடியே இருக்கின்றன. கண்ணில் இதற்கு முன்னால் எந்த செல் ஊசியும் போட்டிருக்கக் கூடாது. ஒரு கண்ணில் போட்டிருந்தால் இன்னொரு கண்ணுக்கும் கிடையாது, விளைவு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதால். நல்ல வேளை, உனக்கு அந்தத் தொல்லை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாய், அதற்குப் பலன் வருகிறது பார்.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். உடனே அனுப்பு.

வாலு


ஜூன் 28

அண்ணா,

நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமாக இருக்கிறவன் பதில் போட்டிருப்பான்.

போன் செய்தால் அண்ணி எடுத்து "அவர் வெளிய போயிருக்கார்" என்கிறார்கள். காலையிலும் வெளியே, ராத்திரியிலும் வெளியே. நீ என்ன தபால்காரனா? விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் என் வாசலில் வந்து நின்று "எங்க பேரு வருமா" என்று கேட்கிறார்கள். நான் யாருக்காக இந்த வேலைக்கே வந்தேனோ அவன் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டேன் என்கிறான்.

கரு என்கிற தயக்கமா? அப்படியென்றால் அதையாவது எழுது. வீம்பு பிடிக்க இதுவா நேரம்?

வாலு


ஜூலை 7

வாலு,

அண்ணி எழுதுகிறேன். இது அவருக்குத் தெரியாது. நீ திடமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அவர் ஊசி போட்டுக்கொண்டார். மார்ச் நடுவில், வலது கண்ணில்.

உன் "வேண்டாம்" அவருக்குள் போகவில்லை என்று நினைக்காதே. "சும்மா போய்ப் பாத்துட்டு, முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடலாம்" என்றுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கூடத்துச் சுவரில் கதவு அளவுக்கு ஒரு படம். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் மருத்துவமனை முதலாளி, அந்தப் பக்கம் கையில் கத்திரிக்கோலோடு நீ. கீழே "எங்கள் ஆராய்ச்சித் துணைவர்கள்" என்று எழுதியிருந்தது. அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அது வாலுதானே?" என்றார். நானும் பார்த்தேன். நீதான்.

அவர் சிரித்தார். "பாத்தியா, எனக்கு வேணாம்னு எழுதிட்டு இங்க ரிப்பன் வெட்டியிருக்கா. வெளிய சொல்லக் கூடாதுன்னு ஏதாவது இருக்கும். அவ ஒரு இடத்துல போய் நின்னா அது சரியான இடமாத்தான் இருக்கும்" என்றார். அப்படியே உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

பதினைந்து நாள் போல நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் ஒரு காலையில் வலது பக்கம் திரை விழுகிற மாதிரி இருக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விழித்திரை பிய்ந்துவிட்டது என்று இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இடது கண்ணில் அதே வட்டம். விரலில் கதவு இடிக்கவில்லை.

உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். "அவளுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுடுவா" என்கிறார். நீ அனுப்பிய விண்ணப்பத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்த நிபந்தனை வந்ததும் "சரி, மடிச்சு வை" என்றார்.

கருவைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைக்காக நாங்கள் வைத்தியம் பார்த்தது உனக்குத் தெரியும். இனி வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்த அன்றைக்கு, மிச்சம் இருக்கிறதை என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். ஆராய்ச்சிக்கு என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். போட்டுவிட்டு அவர் போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டார். நான் போய்க் கூப்பிடும்வரை வரவில்லை. அதன் பிறகு நாங்கள் அதைப் பேசியதே கிடையாது. உன் நீதிபதி கேட்டாரே, அந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

கோபத்தில் கிளம்பி வந்துவிடாதே. முதலில் எழுது.

அண்ணி


ஜூலை 16

அண்ணி, அண்ணா,

அண்ணி, சத்தியத்தை மீறியதற்கு உங்களுக்குக் கோடி நன்றி. இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படத்தில் இருப்பது நான்தான். புதுக் கட்டிடத் திறப்பு விழா. பணம் கொடுத்த பெரிய மனிதருக்குக் கண் மருத்துவமனைகள் இருக்கின்றன என்று தெரியும். அங்கே இந்த ஊசி போடுகிறார்கள் என்று அப்போதே காதில் விழுந்தது. உங்கள் ஊர் மருத்துவமனையும் அவருடையது என்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சிக்கவும் இல்லை. மார்ச்சில் "சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதினேனே, சொல்ல இருந்தது. சொன்னால் நீ "அப்போ உனக்கு மட்டும் அவன் பணம் இனிக்குதா" என்று கேட்பாய். அதனால் எழுதவில்லை.

அண்ணியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் ஆராய்ச்சிக்கூட இயக்குநர் அறைக்குப் போனேன். மருத்துவக் கவுன்சிலில் அந்த மருத்துவமனை மேல் புகார் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "புகார் குடுத்தா மறுநாளே பணம் நிக்கும். தேர்வான பேஷண்ட்டுங்க பட்டியல் என் மேசை மேல இருக்கு. அவங்ககிட்ட யாரு பேசறது? நீங்களா?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரே மேலே சொன்னார்:

"உங்க அண்ணனுக்கு இடது கண்ணு இருக்கு இல்ல? கருணை அடிப்படையில தனியா ஒரு விதிவிலக்கு எழுதலாம். நான் குழுவுல பேசறேன். கொஞ்ச நாள் எல்லாரும் அமைதியா இருப்போம். அதுக்குள்ள வேலை முடிஞ்சுடும்."

பேரம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பேரம்தான். அண்ணா, இது உன் கண். என் நேர்மையைக் காட்டிக்கொள்ள உன் கண்ணைச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நீ சொல். என்ன சொன்னாலும் செய்கிறேன்.

வாலு


ஆகஸ்ட் 3

வாலுக்கு,

உயிரோடு இருக்கிறேன், நலம்தான். உன் அண்ணி எழுதுகிறாள். நான் சொல்கிறதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். (சொல்லியிருக்கிறார். - அண்ணி)

இதைக் கேட்கத்தான் ஒரு கடிதமா? படித்தவள்தானே நீ? என் தலையில் கொண்டுவந்து கட்டுகிறாயே! (உன் கடிதம் வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இடது கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். - அண்ணி) அதை ஏன் எழுதுகிறாய்? அடித்துவிடு. (அடிக்க மாட்டேன். - அண்ணி)

நேற்று அந்த மருத்துவமனைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. கூடம் நிறைய ஆட்கள். உன் படம் அப்படியே இருந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் "இதக் கழட்டிக் குடும்மா" என்றேன். "சார், அது டெகரேஷன் சார்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன். (நான்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். முதுகு இன்னும் வலிக்கிறது. - அண்ணி) படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே போகச் சொல்கிற குரல் இருக்கிறதே, அந்தக் குரலில் சொன்னேன்: "இது என் தங்கச்சி. இந்த ஊசி வேணாம்னு எழுதினவ. அவ எழுத்த நம்பாம படத்த நம்பிப் போட்டுக்கிட்டேன். வலது கண்ணு போச்சு. போடறவங்க போடுங்க, தெரிஞ்சு போடுங்க."

சில பேர் எழுந்து போனார்கள். சில பேர் என்னைப் பைத்தியம் என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ எங்களுக்கு வேற என்னதான் இருக்கு?" என்று கேட்டார். அவர் மறுபடி போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

அதனால் நீ கேட்டதற்கு இதுதான் பதில். புகார் கொடு. என் காகிதம் எல்லாம் இதோடு வைத்திருக்கிறேன். நீ வாயை மூடிக்கொண்டிருந்து எனக்குக் கிடைக்கிற கண்ணால் அந்தப் பெரியவரை நான் எப்படிப் பார்ப்பேன்? அதே சமயம் உன் வேலையை விட்டாயோ, இந்த வீட்டு வாசல் மிதிக்காதே. பணம் போனால் வேறு இடத்தில் கேள். அழு, கத்து, பிச்சை எடு. உனக்கு அது வராது என்றால் நான் வந்து கத்துகிறேன்.

அண்ணன்


ஜனவரி 18

அண்ணா,

நலமா? இத்தனை மாதம் எழுதாததற்குத் திட்டாதே. கத்திக்கொண்டிருந்தேன், நீ சொன்னபடி.

உன் காகிதங்களோடு புகார் கொடுத்தேன். இயக்குநர் சொன்ன மாதிரியே மறுநாள் பணம் நின்றது. இயக்குநர் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கவுன்சில் விசாரணை நடத்தி உங்கள் ஊரில் அந்த ஊசியை நிறுத்தியது. முதலாளி வழக்குப் போட்டிருக்கிறார். வேறு ஊர்களில் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

பட்டியலில் இருந்தவர்களிடம் நானேதான் பேசினேன். ஒருவர் சபித்தார். கேட்டுக்கொண்டேன். பிறகு அந்த நீதிபதி, கேட்காமலே, அரசாங்க அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் என்னோடு வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கொடுத்தார்கள். பட்டியலில் பாதிப் பேருக்குக்கூடப் போதாது. யாருக்கு முதலில் என்று, நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கிற அந்த மருத்துவமனை குலுக்கல் போட்டது. உனக்கு விதிவிலக்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதை எழுதிவிட்டு அன்றைக்கு என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

அந்தப் பெரியவர் கேட்டதற்குப் பதில்: இன்னும் ஒன்றுமில்லை. இதைத்தான் நான் முதல் நாளே உனக்கு எழுதியிருக்க வேண்டும். "வேண்டாம்" என்று எழுதியது போதாது. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை அண்ணா என்று சொல்லியிருக்க வேண்டும்.

இனி ஒரு விஷயம். முதல் நோயாளிக்கு அக்டோபரில் வைத்தோம். துணிக்கடையில் பில் போடுகிற ஒரு அம்மா. முதல் மாதம் ஒன்றும் இல்லை, இரண்டாம் மாதமும் இல்லை. வேலை செய்யாது என்றே நினைத்துவிட்டேன். போன வியாழக்கிழமை பரிசோதனை. எழுத்துப் பலகையில் முன்னைவிடச் சில வரி கூடுதலாக வாசித்தார், அவ்வளவுதான். இது நிலைக்குமா என்று இன்னும் தெரியாது. நான் எதிரில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "டாக்டரம்மா, கோட்டுல பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். ஆமாம். காலையிலிருந்து அப்படியே மூன்று கூட்டத்துக்குப் போய் வந்திருக்கிறேன். கண் நன்றாகத் தெரிகிற ஒருவரும் சொல்லவில்லை.

வாலு


ஜனவரி 29

வாலுக்கு,

நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டோம்.

உன் கடிதத்தை உன் அண்ணி வாசித்தாள். அந்தப் பட்டன் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசி என்றேன். வாசித்தாள். "அந்தம்மா வேற என்ன பாத்தாங்களாம்?" என்று கேட்டேன். "எழுதினாத்தானே தெரியும்" என்றாள். இதெல்லாம் நீ விவரமாக எழுத மாட்டாயா? என்ன நிறப் பட்டன்? அந்த அம்மா சிரித்தார்களா? எலியைப் பற்றியென்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறாய்.

நேற்று நானும் உன் அண்ணியும் சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றிப் பேசினோம். ரொம்ப நேரம் பேசினோம். அந்தத் துணிக்கடை அம்மாவுக்கு வைத்தது யார் கொடுத்தது என்று உங்களுக்கே தெரியாது என்கிறாள் இவள். அப்படியென்றால் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் எழுதிப் போடு. பேர் போட வேண்டாம். பட்டன் தெரிந்தது என்று மட்டும் எழுதிப் போடு. எனக்கு யாராவது அப்படி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் இடது கண்ணைக் கேட்பாய். வட்டம் கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது. டிப்போவில் எனக்கு மேசை விளக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நான் சமாளித்துக்கொள்கிறேன். நீ அடுத்த ஆளைப் பார்.

அண்ணன்

(வாலு, இன்றைக்குக் காலையிலிருந்து நாலாவது தடவை அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்கிறார். அடுப்பில் வைத்தது தீய்ந்துவிட்டது. பட்டன் என்ற இடம் வருவதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிடுகிறார், அப்புறம் நான் எதற்கு வாசிக்க வேண்டும்? என்னால் முடியாது. லீவு போட்டுவிட்டு வந்து நீயே வாசித்துக் காட்டு. - அண்ணி)